தசையும் ஊட்டப்பொடியும்

உடல் உரம் யாவரும் விழையும் செல்வமாகும். இளமைப் பருவத்தினர் தோளும் மார்பும் திரண்டு விளங்க வேண்டுமெனப் பெரிதும் விரும்புவர். அவ்விருப்பம் குற்றமன்று. ஆயின், அவ்விருப்பத்தையே முதலாகக் கொண்டு, புரதப் பொடி முதலிய ஊட்டப்பொருள்கள் பல இக்காலத்தில் விற்கப்படுகின்றன. அவற்றை உண்ட அளவிலே தசை வளருமோ என்பது ஆராயத்தக்கது.

தசையின் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் என்பார், தசை உழைக்குங்கால் அதன்கண் உள்ள புரதமே சிதைந்து ஆற்றலாகின்றது எனக் கருதினார். அவர்தம் பெருமையால் அக்கொள்கை பலராலும் ஏற்கப்பட்டது.

சூரிக் நகரப் பேராசிரியர்களாகிய ஃபிக், விஸ்லிசெனஸ் என்னும் இருவர் அதனைச் சோதித்தறிய விரும்பினர். 1865ஆம் ஆண்டு அவர்கள் சுவிட்சர்லாந்தில் உள்ள ஃபௌல்ஹார்ன் என்னும் மலைமீது ஏறினர். ஏறிய உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். முதல்நாள் நண்பகல் தொடங்கிப் புரத உணவை நீக்கி, மாப்பொருள், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றையே உண்டனர். தம் சிறுநீரைச் சேர்த்துவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்தனர். உடலில் எவ்வளவு புரதம் சிதைந்தது என்பதை அந்த அளவு காட்டும். அவ்வாறு சிதைந்த புரதம் முழுதும் ஆற்றலாக மாறியிருப்பினும், அவர்களை அம்மலையுச்சிக்கு ஏற்றுதற்குப் போதாது என்பது தெளிவாயிற்று. உழைப்பிற்கு வேண்டிய ஆற்றலைப் பெரும்பாலும் மாப்பொருளும் கொழுப்புமே தருகின்றன என்பது பின்னர் உறுதிப்பட்டது.

அங்ஙனமாயின் புரதத்தால் பயனில்லையோ எனின், உண்டு. அது விறகு போன்றதன்று, செங்கல் போன்றது. பயிற்சி தசையைத் தூண்டுகின்றது. ஓய்வு கொள்ளுங்கால், உண்ட புரதத்தைக்கொண்டு உடல் தசையைச் செப்பனிட்டு வளர்க்கின்றது. செங்கல்லைக் குவித்த அளவில் வீடு எழுமோ? பயிற்சியின்றி உண்ட மிகைப் புரதம் தசையாவதில்லை, அதன் நைட்ரஜன் சிறுநீருடன் கழிய, எஞ்சியது எரிந்துபோம், அன்றேல் கொழுப்பாகும்.

வளர்ந்தோர் ஒருவர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் வேண்டும். கடும்பயிற்சி செய்வோர்க்கு அது மிகுதியாக, 1.4 முதல் 2 கிராம் வரை வேண்டப்படும். முட்டை ஒன்றில் 6 கிராமும், 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேலும், அவ்வளவு நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராமும் புரதம் உண்டு. விலை மிக்க புரதப் பொடிகளுள் ஒன்று, பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யுங்கால் வடியும் தெளிநீரினின்று பெறப்படுவதே. உணவால் நிரம்பாத குறையை நிரப்புதற்கு அது உதவும். அதனினும் மிக்க ஆற்றல் அதற்கில்லை.

இவற்றில் அச்சமும் ஒன்றுண்டு. ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள், 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கப்பட்ட 634 ஊட்டப்பொருள்களைச் சோதித்தனர். அவற்றுள் 94 பொருள்களில், உறையில் குறிக்கப்படாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் கலந்திருந்தன. அத்தகையவை உடல்நலத்தைக் கெடுக்க வல்லவை. அறியாது உண்ட விளையாட்டு வீரனும், தடை செய்யப்பட்ட பொருள் தன் உடலிற் காணப்படின் அதற்குத் தானே பொறுப்பாவான். பல்லாண்டு உழைத்துப் பெற்ற புகழை ஒரு கரண்டிப் பொடி அழித்துவிடக் கூடும்.

ஆதலின் வளரும் பருவத்தினர் மருத்துவரின் அறிவுரையின்றி இத்தகையவற்றை நாடலாகாது. முறையான பயிற்சி, நிறைவான உணவு, அயர்ந்த உறக்கம் ஆகிய மூன்றுமே உடலுரத்தின் அடிப்படையாம். இவற்றை நாள்தோறும் வழுவாது போற்றுவோர் நாளடைவில் வலிமை பெறுவர்.