அருவி வரும் வழி

மலையிலிருந்து வீழும் நீரை இன்று பலரும் ‘நீர்வீழ்ச்சி’ என்கின்றனர். அதற்குத் தமிழில் ‘அருவி’ என்னும் பழஞ்சொல் உண்டு. சங்க இலக்கியத்தில் பயின்று வரும் இச்சொல், குற்றாலத்தில் இன்றும் மக்கள் நாவில் வழங்குகிறது. பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, தேனருவி என்னும் பெயர்களே அதற்குச் சான்றாகும்.

குற்றாலம் தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. கேரளத்தில் பெருமழை பொழியும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையைக் கடந்து வருகையில் இங்கே மெல்லிய தூறலைத் தெளிக்கிறது. இதனைச் ‘சாரல்’ என்பர். ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான இச்சாரல் காலத்தில் அருவிகள் பெருக்கெடுத்து ஆர்ப்பரிக்கும்.

பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். நீர் ஒரே வீச்சில் தரையை அடைவதில்லை. இடையிலுள்ள ‘பொங்குமாங்கடல்’ என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் விழுந்து, பொங்கி எழுந்து, வேகம் தணிந்து இறங்குகிறது. அதனாலேயே மக்கள் அதன்கீழ் நின்று நீராட முடிகிறது.

பேரருவியாக விழுவது சிற்றாறு. அது மலைமேல் முதலில் தேனருவியாகவும், பின்னர்ச் செண்பகாதேவி அருவியாகவும் விழுந்து வருகிறது. காட்டினூடே ஏறும் நடைபாதை ஒன்று செண்பகாதேவி அருவிக்குச் செல்கிறது. அதற்கும் மேலே, தேன்கூடுகள் தொங்கும் பாறைகளிடையே தேனருவி உள்ளது. வனத்துறையின் இசைவின்றி அவ்வழியே ஏறுதல் கூடாது.

அருவியின்கீழ் நிற்போர் மேலுள்ள மலையையும் கருத்தில் கொள்ளவேண்டும். கீழே வெயில் காயும்போதே மேலே பெருமழை பெய்திருக்கலாம். அந்நீர் திடீரெனப் பாய்ந்து வரும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் அவ்வாறு வந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிகுதியாக அடித்து வந்தாலோ உடனே விலகிக் கரையேற வேண்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவின்மேல் நீர் கொட்டும்போது குளிக்கத் தடை விதிப்பதும் இதனாலேயே.

சொற்பொருள்
இசைவு – அனுமதி
தணிதல் – குறைதல்
சருகு – காய்ந்த இலை
சுள்ளி – உலர்ந்த சிறு குச்சி

பயிற்சி
1. பிரித்து எழுதுக: பேரருவி, சிற்றாறு, ஐந்தருவி.
2. பொங்குமாங்கடல் நீரின் வேகத்தை எவ்வாறு தணிக்கிறது?
3. கீழே மழை இல்லாத நாளிலும் அருவியில் வெள்ளம் வருவது ஏன்?
4. நீங்கள் வாழும் மாநிலத்து மொழியில் அருவியை எவ்வாறு அழைப்பர்? நண்பரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதுக.