கடலோரக் கிராமமும் திகில் கதையும்

திகில் படம் என்றதும் திடீரெனப் பாயும் பேயும் காதைப் பிளக்கும் சத்தமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அவை அதிகம் இல்லாமலே அச்சமூட்டலாம் என்பதற்கு ஸ்டுவர்ட் கோர்டன் இயக்கி 2001இல் வெளிவந்த 'டேகன்' படத்தின் முற்பகுதி நல்ல உதாரணம். (பிற்பகுதி மிகவும் கொடூரமானது. தங்கைமாருக்கு வேண்டாம்.)

புயலில் படகு பாறையில் மோத, இளைஞன் ஒருவன் உதவி தேடி ஸ்பெயின் கரையிலுள்ள இம்போகா என்ற மீனவக் கிராமத்துக்கு வருகிறான். ஓயாத மழை. ஆளரவமற்ற தெரு. பிறகு ஜன்னல்களில் முகங்கள். கடலில் மீன் அற்றுப்போன காலத்தில், மீனும் பொன்னும் தருவதாக நம்பிய கடல்தெய்வத்துக்கு ஊரே மாறி நரபலியும் கொடுக்கிறது. ஒரு குடிகாரக் கிழவரைத் தவிர உண்மை சொல்ல யாருமில்லை.

இதன் மூலக்கதையை அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் 1931இல் எழுதினார். 1936இல் அது நூலாக வந்தது. அதில் ஊரின் பெயர் இன்ஸ்மவுத். அச்சம் பிறக்கும் விதத்தைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் வெளியூரான் ஒருவனின் கண்ணால்தான் பார்க்கிறோம். ஊராரின் முகம், நடை, மீன்வாடை ஆகியவையே குற்றத்தின் அடையாளங்களாகிவிடுகின்றன. லவ்கிராஃப்ட் பிற இனத்தவரையும் குடியேறிகளையும் வெறுத்தவர் என்பது அவருடைய கடிதங்களிலேயே தெரிகிறது. அந்த வெறுப்புத்தான் கதையில் திகிலாக மாறியிருக்கிறது என்பது என் கருத்து.

மீன்வாடை என்றால் எங்கள் கடற்கரையிலும் உண்டு. கரைவலை இழுக்கும் காலையில் அது வீட்டு வாசல்வரை வரும்.

2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்தன. இறந்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் அத்தனை பேரைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்களே அந்த வீட்டில் ஒளிந்திருந்தார்கள். அதற்குப் பிறகு உம்மாவுடன் தூரப் பயணம் போனபோது, பஸ்ஸில் எங்கள் உடையைப் பார்த்துச் சிலர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை, காரணம் விளங்கவில்லை. இன்ஸ்மவுத் கதையை வாசித்தபோது விளங்கியது. அவர்களுக்கு எங்கள் ஊர் முழுவதும் அந்த ஊராகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் சாய்ந்தமருதில் நடந்தது வேறு. புதிதாகக் குடிவந்தவர்கள்மேல் சந்தேகம் கொண்டு முதலில் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. இந்தப் பகுதியை யாரும் படமாக எடுத்ததாக நான் அறியவில்லை.

கதையின் முடிவில், தப்பியோடிய இளைஞன் தன் மூதாதையரும் அந்த ஊரவர்களே என்று அறிகிறான். கண்ணாடியில் தன் முகமும் மாறிவருவதைக் காண்கிறான். கதையிலேயே மிகப் பயங்கரமான இடம் இதுதான் என்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் பயம் வரவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.