வயலின் ஈரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட் இணைப்பும் வந்தவுடன் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, செயற்கைக்கோள் படத்தில் தங்கள் வீட்டைத் தேடுவது. மயிலாப்பூரில் இருப்பவர் கபாலீஸ்வரர் கோயில் குளத்தைப் பிடித்துக்கொண்டு தன் தெருவுக்கு வந்துவிடுவார். தி.நகர்க்காரருக்குப் பனகல் பூங்கா அடையாளம். வீட்டைப் பார்த்த பிறகு? அதே கம்ப்யூட்டரில் இன்னும் பயனுள்ள ஒன்றையும் பார்க்கலாம்.

சென்னையில் வேலை, ஊரில் இரண்டு ஏக்கர் நெல் என்று இருப்பவர்கள் பலர். "இன்று மோட்டார் போடவா, இரண்டு நாள் பொறுக்கவா?" என்று ஊரிலிருந்து போன் வந்தால் என்ன பதில் சொல்வது? மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, பயிர் ஒரு நாளைக்கு எவ்வளவு நீரை இழக்கிறது என்று தெரிந்தால் பதில் சொல்லலாம். இதை விண்ணிலிருந்து கணிப்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம். இதற்குத் தொலையுணர்வு என்று பெயர். அடையாறுக்குப் பக்கத்திலேயே, கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனி நிறுவனம் இருக்கிறது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. ஒளியையும் வெப்பத்தையும் ரேடார் எதிரொலியையும் அளக்கிறது. தண்ணீரின் அளவை நாம்தான் அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிறோம்.

நீர் இழப்பு: மண்பானைத் தத்துவம்

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையின் வெளிப்புறம் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வயலும் அப்படித்தான். மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் நீர் ஆவியாகும்வரை வயல் குளிர்ந்திருக்கும். நீர் குறைந்தால் இலை சூடாகும்.

இதைக் குடும்ப பட்ஜெட் போல எண்ணிப் பாருங்கள். வயலுக்கு வரும் சூரிய சக்தி, மாதச் சம்பளம். அதில் ஒரு பங்கு மண்ணைச் சூடாக்கச் செலவாகிறது. இன்னொரு பங்கு காற்றைச் சூடாக்குகிறது. மீதி முழுவதும் நீரை ஆவியாக்கும் செலவு. முதல் இரண்டையும் கழித்துவிட்டால் மூன்றாவது கிடைத்துவிடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2.45 மெகாஜூல் சக்தி வேண்டும். எனவே மீதிச் சக்தியை 2.45 ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும்.

நெதர்லாந்து விஞ்ஞானி விம் பாஸ்டியான்சென் 1990களில் உருவாக்கிய 'செபால்' என்ற முறை இந்தக் கணக்கைப் படத்தின்மீது போடுகிறது. படத்தில் மிகச் சூடான காய்ந்த தரிசு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஆவியாதல் இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். நன்றாகத் தண்ணீர் பாய்ந்த, குளிர்ந்த வயல் ஒன்றில் ஆவியாதல் முழு அளவில் நடப்பதாக வைத்துக்கொள்வார்கள். மற்ற வயல்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கின்றன என்று கணக்கிடுவார்கள்.

மண் ஈரம்: ரேடார் எதிரொலி

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைப்பதால் சாதாரணப் படம் எடுக்க முடியாத நாட்கள் அதிகம். அப்போது கை கொடுப்பது ரேடார். அதன் மைக்ரோவேவ் அலைகள் மேகத்தைத் துளைத்துக்கொண்டு வரும். மின்புலத்துக்கு ஒரு பொருள் எந்த அளவு இடம் கொடுக்கிறது என்று காட்டும் எண், காய்ந்த மண்ணுக்கு 4க்கு அருகிலும் தண்ணீருக்கு 80க்கு அருகிலும் இருக்கிறது. ஆகவே மண் நனைந்தால் திரும்பி வரும் எதிரொலி மாறும். அந்த மாற்றத்திலிருந்து ஈரத்தைக் கணிக்கிறார்கள்.

சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 பிப்ரவரி 14 அன்று ஏவப்பட்ட இஓஎஸ்-04, 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார் ஆகிய இரண்டும் ரேடார் செயற்கைக்கோள்களே. நிசார், இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து உருவாக்கியது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வரும்.

செய்து பார்ப்போம்

உங்கள் பிரவுசரைத் திறந்து 'கோப்பர்நிக்கஸ் பிரவுசர்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். இது ஐரோப்பிய செயற்கைக்கோள் படங்களைத் தரும் தளம். படம் பார்க்கக் கட்டணம் இல்லை.

1. தேடும் கட்டத்தில் சென்னை என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரைபடம் சென்னைக்கு வந்து நிற்கும். மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டி அடையாறு, கிண்டி தெரியும்படி பெரிதாக்குங்கள்.

2. இடது பக்கம் சென்டினல்-2 எல்2ஏ என்பதைத் தேர்ந்தெடுங்கள். காலண்டரில் மேகம் குறைந்த ஒரு தேதியைக் கிளிக் செய்யுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேடினால் தெளிவான படம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

3. முதலில் ட்ரூ கலர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். கண்ணால் பார்ப்பது போன்ற படம் வரும். கிண்டி தேசியப் பூங்கா, தியாசபிகல் சொசைட்டி தோட்டம் இரண்டும் பச்சையாகத் தெரியும்.

4. அடுத்து மாய்ஸ்ச்சர் இண்டெக்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஈரமான இடங்கள் நீல நிறத்திலும் காய்ந்தவை சிவப்பு நிறத்திலும் வரும். சுமார் 270 ஹெக்டேர் கிண்டிக் காட்டையும் தி.நகரின் கட்டடங்களையும் ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே புரியும்.

5. இனி வரைபடத்தைத் தெற்கே இழுத்து, ஜி.எஸ்.டி. சாலை வழியாக மதுராந்தகம் ஏரிக்குச் செல்லுங்கள். ஏரிப் பாசன வயல்களை இரண்டு வெவ்வேறு தேதிகளில் பார்த்து ஒப்பிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயரில் ஈரம் என்று இருந்தாலும் இந்த இண்டெக்ஸ் காட்டுவது இலையில் உள்ள நீரைத்தான், மண்ணின் ஈரத்தை அல்ல. கட்டடக் கூரைக்கும் கடலுக்கும் வரும் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

கால்குலேட்டரில் ஒரு கணக்கு

செயற்கைக்கோள் வராத நாட்களில் என்ன செய்வது? 1985ல் வெளியான ஹார்கிரீவ்ஸ்-சமானி சூத்திரத்துக்கு அன்றைய வெப்பநிலை மட்டும் போதும். நுங்கம்பாக்கம் வானிலை மையம் தினமும் அதை வெளியிடுகிறது. மே மாத நடுவில் அதிகபட்சம் 38, குறைந்தபட்சம் 28 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம்.

விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து 38லிருந்து 28ஐக் கழியுங்கள். விடை 10. வர்க்கமூல பட்டனை அழுத்துங்கள், 3.16 என்று வரும். இரண்டு வெப்பநிலைகளின் சராசரி 33. அதோடு 17.8ஐக் கூட்டினால் 50.8. இதனால் பெருக்குங்கள். பிறகு 15.6 ஆல் பெருக்குங்கள். சென்னை அமைந்துள்ள 13 டிகிரி அட்சரேகையில் மே நடுவில் வளிமண்டலத்தின் உச்சிக்கு வரும் சூரிய சக்தி இது; நீர் அளவாக மாற்றித் தரப்பட்டுள்ளது. கடைசியாக 0.0023 ஆல் பெருக்குங்கள். விடை சுமார் 5.8 மில்லிமீட்டர்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஏக்கருக்கு 4,047 லிட்டர். 5.8 மி.மீ. என்றால் சுமார் 23,500 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஏறக்குறைய இரண்டு, ஒரே நாளில், ஒரு ஏக்கரில் ஆவியாகிறது. டிசம்பர் நடுவில் 29, 22 டிகிரி என்று வைத்து, 15.6க்குப் பதில் 12 போட்டுப் பாருங்கள். சுமார் 3.2 மி.மீ. வரும். ஒரு லாரிக்குக் கொஞ்சம் கூடுதல். 2019 கோடையில் லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

இது குட்டையான புல்வெளிக்கான கணக்கு. முழுதாக வளர்ந்த நெல்லுக்கு 1.2 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் இந்தச் சூத்திரம் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். வயலில் மண்ணுக்குள் இறங்கிப்போகும் நீரும் இதில் சேராது.

எவ்வளவு நம்பலாம்?

நாம் பார்த்த இண்டெக்ஸ் படத்தில் ஒரு பிக்ஸெல் 20 மீட்டர் அகலம். ஒரு ஏக்கரில் சுமார் பத்துப் பிக்ஸெல்கள் அடங்கும். லாண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களின் வெப்பக் கருவிக்கு ஒரு பிக்ஸெல் 100 மீட்டர். அதாவது இரண்டரை ஏக்கர். உங்கள் இரண்டு ஏக்கரும் பக்கத்து வயலும் ஒரே புள்ளியில் கலந்துவிடும். 2015ல் நாசா ஏவிய ஸ்மாப் மேல்மண்ணில் 5 சென்டிமீட்டர் ஈரத்தைத்தான் அறிகிறது. அதன் அடிப்படைக் கட்டம் 36 கிலோமீட்டர். மயிலாப்பூரும் தாம்பரமும் அதில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் பயன் என்ன? 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து செய்த நெல் கண்காணிப்புத் திட்டத்தின் ரேடார் வரைபடங்கள், எங்கே நடவே நடக்கவில்லை, எங்கே பயிர் கருகியது என்று காட்டி, பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டை முடிவு செய்ய உதவின. நீர் நிற்கும் வயல் ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரியும். நெல் வளர வளர வெளுக்கும். அந்த மாற்றம் நடக்காத வயல் தனியாகத் தெரிந்துவிடும். ஓர் ஊரையே பார்க்கும்போது படம் இப்படிக் கைகொடுக்கிறது.

தனி வயலுக்கோ மண்வெட்டிதான் கடைசிச் சாட்சி. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு நீர் கட்டுபவர்கள், வயலில் துளையிட்ட பி.வி.சி. குழாயைப் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியதும் தண்ணீர் விடுகிறார்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் அப்படிக் காயவிடக் கூடாது.

ஆகவே ஊரிலிருந்து போன் வந்தால் இப்படிச் செய்யுங்கள். படத்தில் உங்கள் வயலின் நிறம் போன முறையைவிட மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கால்குலேட்டரில் அன்றைய இழப்பைப் போடுங்கள். பிறகு, "குழாயில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் தயங்காமல் பதில் சொல்லலாம். ஒத்துப்போகவில்லை என்றால் குழாய் சொல்வதை நம்புங்கள்.