காடாத் துணியில் தொடங்கு

திருவெறும்பூர்

அன்பு மகளுக்கு,

பொன்மலைத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி உங்கள் குழு நாடகம் போடுகிறது, உடை உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நாடகம் பாதிதான் எழுதி முடிந்திருக்கிறது, அதற்குள் துணி எடுக்கப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம்.

எழுதிக்கொண்டே இருக்கும் நாடகத்தில் நேற்றிருந்த காட்சி இன்று இருக்காது. சில சமயம் நடிகரே மாறிவிடுவார். அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சிவாஜி வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். மேடையேறியவரோ சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன். அவருக்குச் சிவாஜி என்ற பெயரே அந்த வேடத்தால் வந்ததுதான். இரண்டு பேருக்கும் தோளும் உயரமும் ஒன்றாகவா இருந்திருக்கும்?

நானும் ஒருமுறை அவசரப்பட்டேன். ஒரு புது நாடகத்தில் வக்கீல் வேடத்துக்கு லைனிங் வைத்துக் கறுப்புக் கோட்டு தைத்து முடித்தேன். அடுத்த வாரம் அந்த வக்கீலே கதையில் இல்லை. அன்றிலிருந்து ஒத்திகைக்குக் காடாத் துணிதான். சட்டையை உத்தேசமாக வெட்டி, பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு நடிகருக்கு மாட்டிவிடு. அவர் உட்காரட்டும், ஓடட்டும், கீழே விழட்டும். எங்கே இழுக்கிறது, எங்கே தடுக்குகிறது என்று அப்போதுதான் தெரியும். நல்ல துணியில் தைக்கும்போதும் பக்கத் தையலில் இரண்டு விரல் அளவு துணி உள்ளே விடு. ஆள் மாறினால் பிரித்துவிடலாம்.

எழுத்தாளரிடம் வெட்கப்படாமல் கேள். தொழிலாளியாக வருகிறவரே அடுத்த காட்சியில் போலீஸ்காரராக வருகிறார் என்றாயே, நடுவில் எத்தனை வசனம் இருக்கிறது? நாலே வரி என்றால் பட்டன் போட நேரம் இருக்காது. மேலே பட்டனைத் தைத்துவிட்டு உள்ளே வெல்க்ரோ வை. அல்லது இன்னும் நாலு வரி எழுதித் தரச் சொல். எழுதப்படும்போதே கேட்டால் கிடைக்கும், பிறகு கிடைக்காது.

காலத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது 1928-ல். வேலைநிறுத்தத்தின்போது ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது 1946 செப்டம்பர் 5. போர் முடிந்திருந்தாலும் துணித் தட்டுப்பாடு தீரவில்லை, துணி கட்டுப்பாட்டில்தான் கிடைத்தது. அந்த மேடையில் ஐந்து பேரும் மொடமொடவென்று புதுச்சட்டை போட்டு நின்றால், பார்க்க வந்திருக்கும் பழைய பணிமனைக் குடும்பத்துக்காரர்கள் அந்த இடத்திலேயே நாடகத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். பாலியஸ்டர் அப்போது நம் ஊர்க் கடைகளில் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் அதன் பளபளப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். பருத்திதான் எடுக்க வேண்டும்.

அதையும் பழசாக்க வேண்டும். நாலைந்து தடவை துவைத்து, தேயிலை டிகாஷனில் முக்கி, நிழலில் காயவை. காலர் மடிப்பிலும் முழங்கையிலும் உப்புத்தாளால் லேசாகத் தேய். உடம்பில் எங்கே உரசுமோ அங்கேதான் துணி நையும், வேறு எங்கும் தேய்க்காதே. ஒரு சட்டைக்காவது தோளில் ஒட்டுப் போடு. அந்த ஒட்டை அந்த மனிதனின் மனைவி போட்டிருப்பாள். அவள் கை எப்படித் தைக்கும் என்று யோசித்துத் தை. இதை நடிகரிடமும் சொல். சட்டையை அவர் மாட்டுகிற விதமே மாறிவிடும்.

சுடப்படும் காட்சிக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு செட் வேண்டும். மேடை ரத்தக் கறை அடுத்த நாள் ஆட்டத்துக்குள் போகாது.

ஞாயிற்றுக்கிழமை வா. டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் கோரா வேட்டி இரண்டு இருக்கின்றன. எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் பெரியம்மா