படத்திறப்புக்கு முன்னால் செய்ய வேண்டியவை

மம்சாபுரத்தில் பொதுவேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு. ஊருக்கு உழைத்தவர் ஒருவர் போய்விட்டால், நினைவேந்தல் நடத்துகிற பொறுப்பு இனி உங்கள் தலையில்தான் விழும்.

1. ஃபிளெக்ஸ் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வீட்டுக்குப் போங்கள். எந்தப் படம், கூட்டம் பதினாறாம் நாளுக்கு முன்பா பின்பா என்பதை வீட்டார் சொல்லட்டும். அப்படியே, அவர் கைக்காசு போட்ட கணக்கு ஏதும் நிற்கிறதா என்று விசாரியுங்கள். பொதுவேலை செய்கிறவரிடம் ரசீது இல்லாத செலவு இல்லாமல் இருக்காது. மாலை வாங்குவதற்கு முன் அதைத் தீர்த்துவிடுங்கள்.

2. அவர் செய்த வேலைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘சமூக சேவகர்’ என்று எழுதினால் ஆளே காணாமல் போய்விடுவார். கண்மாய் நிரம்பும் ராத்திரியில் மடைக்கு யாரை எழுப்பினார், முதியோர் உதவித்தொகை மனுவைத் தாலுகா ஆபீசில் யாரிடம் கொடுத்தார், ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டால் முதலில் யாருக்குப் போன் போட்டார்? ஒவ்வொன்றுக்கும் எதிரே, நாளையிலிருந்து அதைப் பார்க்கப்போகிறவர் பெயரை எழுதுங்கள். பெயர் விழாத வரிகள் நிறையவே இருக்கும். கூட்டத்தில் பேசவேண்டிய விஷயமே அந்த வரிகள்தான்.

3. நெல் ஜெயராமனைப் பாருங்கள். 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர்; 2018 டிசம்பரில் புற்றுநோயில் இறந்தார். நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார்; அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அந்த ஏற்பாட்டால் விதை ஜெயராமன் வீட்டில் முடங்காமல் பல ஊர் வயல்களுக்குப் போய்விட்டது. அதனால்தான் அவர் மறைந்த பிறகும் திருத்துறைப்பூண்டியில் திருவிழா நடந்தது. உங்கள் ஆள் அப்படி ஏற்பாடு எதுவும் விட்டுப்போகவில்லையென்றால் (பெரும்பாலோர் விடுவதில்லை, எல்லாவற்றையும் தாமே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்) அதை உண்டாக்குவதுதான் உங்கள் வேலை.

4. மண்டபம், சிலை என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறதே, அது முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா கொடுத்த சொந்த வீடு. அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தது. நாம் கட்டுவதானால், கூட்டிப் பெருக்குவது யார், கரண்ட் பில் கட்டுவது யார் என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

5. உதவி வாங்கினவர்களை மேடையேற்றி நன்றி சொல்ல வைக்காதீர்கள். அது அவர்களுக்குக் கூச்சம், இறந்தவருக்கும் பெருமையில்லை. மற்றவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். கோபக்காரர் என்றால் கோபக்காரர் என்றே பேசுங்கள், ஊருக்குத் தெரியாததா?

6. போஸ்டரில் பெயர் வரிசைக்குச் சண்டை வரும். ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று முடித்துவிடுங்கள்.

7. முதலாண்டு நினைவுக்கு ரத்ததான முகாம் நல்லது. அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் முன்கூட்டியே தேதி வாங்குங்கள். 18 வயது நிரம்பி, எடை 45 கிலோவாவது இருக்கவேண்டும். ஒருமுறை கொடுத்தவர் அடுத்துக் கொடுக்க ஆணானால் மூன்று மாதம், பெண்ணானால் நான்கு மாதம் இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றோடு வரக்கூடாது என்பதை நோட்டீஸிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்துவிடுங்கள்.