தாமிரபரணியில் துடுப்புப் பயணம்: முக்கியக் குறிப்புகள்

தூத்துக்குடிக் கடலில் சேரும் தாமிரபரணி, பிறக்கும் இடத்தில் ஒரு மலையோடை. அதில் கயாக் விடத் திட்டம் போடுவதாக நினைத்துக்கொண்டு தேர்வுக்குப் படித்தால் மனப்பாடச் சுமை குறையும்.

• தோற்றம்: மேற்குத் தொடர்ச்சி மலையின் பொதிகை (அகத்தியர்மலைப் பகுதி). பழைய பெயர் பொருநை. நீளம் சுமார் 128 கி.மீ. புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

• தமிழ்நாட்டிலேயே தோன்றி, தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் வற்றாத ஆறு. காவிரி குடகில் பிறக்கிறது, வைகை வற்றக்கூடியது. கூற்று–காரணம் வினாவுக்கு ஏற்ற இடம். காரணம்: தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இதற்கு நீர் தருகின்றன.

• எந்த மாதம் போவது? மலையோடையில் படகு விடுபவர்கள் மழைக்காலத்தையே தேடுவார்கள். கோடையில் பாறைதான் மிஞ்சும். ஆனால் சரிவான ஓடையில் நீர் சட்டென ஏறும். 2023 டிசம்பர் 17–18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பயணிகள் சிக்கித் தவித்தனர். பேரிடர் மேலாண்மைப் பாடத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

• நீரோட்டத்தின் கடினம் உலகளவில் 6 நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. 1 எளிது, 6 உயிருக்கே ஆபத்து. நீர்மட்டம் மாறினால் ஒரே இடத்தின் நிலையும் மாறும். வளைவுக்கு அப்பால் தெரியாவிட்டால், கரையேறிப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

• அனுமதி: மேல்பகுதி களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது (1988; தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம்). அகத்தியர்மலை உயிர்க்கோளக் காப்பகம் 2001. யுனெஸ்கோ பட்டியலில் 2016. இந்தக் காட்டில் நினைத்தபடி படகை இறக்க முடியாது. நம் திட்டம் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது!

• மீறி யோசித்தாலும் அணைகள் குறுக்கிடும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. பொருத்துக வினாவில் முதல் இரண்டும்தான் குழப்பும்.

• சமவெளியில் 8 அணைக்கட்டுகள், மேலிருந்து கீழாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அணைக்கட்டின் அடியில் நீர் சுழன்று படகைப் பின்னோக்கி இழுக்கும் என்பதால், எட்டிலும் படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

• அப்படியானால் கயாக் விடுபவர்கள் எங்கே போகிறார்கள்? கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி. சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகள். மலபார் நதித் திருவிழா நடப்பது இங்கேதான். இலங்கையில் களனி ஆற்றின் கித்துல்கல. ஒலிம்பிக்கில் கயாக் சலாலம் முதலில் 1972 மியூனிக். அடுத்து 1992 பார்சிலோனா.

• கடலோரம்: பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, ஆற்று வண்டல் படிந்ததால் இன்று உள்நாட்டு ஊர். முத்துக்குளிப்புக்கும் திட்டம் இருந்தது. முன்கூட்டியே பார்களில் (கடலடிச் சிப்பித் திட்டுகளில்) சிப்பி எடுத்து மதிப்பிடுவார்கள். தேறினால்தான், கடல் அமைதியான மாதங்களில் குளிப்பு. தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961. அங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தில் வெற்றி கண்டது 1973. தூத்துக்குடித் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிப்பு 1974, வ.உ.சி. பெயர் 2011.