கிரேக்கமும் காண்டனீசும்: வணிகர் காதுக்கு ஒரு பாடம்

மொழி ஒப்பீடு என்றதும், இது புலவர்கள் வேலை, மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது என்று நம் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விலை கேட்பதும், எண் சொல்வதும், சரக்கு இருக்கிறதா இல்லையா என்பதும், பாக்கி கேட்பதும் எல்லா மொழியிலும் உண்டு. அந்த இடங்களில் ஒரு மொழி எப்படி நடந்து கொள்கிறது என்று தெரிந்தால் நமக்குக் காசு மிச்சம்.

இம்முறை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகளை எடுத்துக் கொள்கிறோம். கிரேக்கம், கிரீஸ், சைப்ரஸ் நாடுகளில் பேசப்படுவது; சமஸ்கிருதம், இந்தி, லத்தீன் ஆகியவற்றோடு ஒரே குடும்பம். காண்டனீஸ், தென் சீனத்தில் குவாங்சோ, ஹாங்காங், மக்காவ் பகுதி மக்களின் பேச்சு. சீன மொழிக் குடும்பம். குவாங்சோ என்பதுதான் பழைய காண்டன் நகரம். 1957 முதல் அங்கே நடந்து வரும் காண்டன் சந்தைக்கு நம் நாட்டு வியாபாரிகளும் போய்ச் சரக்கெடுத்து வருகிறார்கள்.

முதலில் காது. காண்டனீசில் 'வாங்கு' என்பதற்கும் 'மாய்', 'விற்பனை செய்' என்பதற்கும் 'மாய்'. குரல் தாழ்வில் தொடங்கி மேலே எழும்பினால் வாங்குவது. எழும்பாமல் தாழ்வாகச் சமமாக நின்றால் விற்பது. எழுத்தில் இரண்டும் வேறு வேறு. பேச்சில் குரல்தான் பிரித்துக் காட்டும். இப்படி ஆறு குரல் நிலைகள் அம்மொழியில் உண்டு. நாம் கோபத்தில் குரலை உயர்த்துவோம், கெஞ்சும்போது தாழ்த்துவோம். சொல்லின் பொருள் மாறாது. அங்கே சரக்கே கைமாறிப் போய்விடும்!

கிரேக்கத்தில் இந்த வேலையை அழுத்தம் செய்கிறது. 'பொதே' என்ற சொல்லில் முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் 'எப்போது?' கடைசி எழுத்தை அழுத்தினால் 'ஒருக்காலும் இல்லை'. பாக்கி கேட்கப் போகிறவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. எந்த எழுத்தை அழுத்த வேண்டும் என்று காட்ட, சொல்லின் மேல் ஒரு கோடு போடுவார்கள். முன்பு பல வகைக் குறிகள் இருந்தன. 1982இல் அவற்றைக் குறைத்து ஒரே குறியாக்கினார்கள்.

இன்னொன்று. கிரேக்கர் 'நே' என்றால் 'ஆம்'. ஆங்கிலத்து 'நோ'வும் இந்தி 'நஹி'யும் பழகிய நம் காதுக்கு அது மறுப்பாகவே விழும். காண்டனீசிலோ 'ஆம்' என்று எங்கும் பொதுவாகச் சொல்ல ஒரு சொல்லே இல்லை. 'யாவ் மோ?' என்று கேட்பார்கள், 'இருக்கா இல்லையா?' என்று பொருள். இருந்தால் 'யாவ்', இல்லாவிட்டால் 'மோ'. நம் கடையில் 'உளுந்து இருக்கா?' என்றால் 'இருக்கு' என்கிறோமே, அதே வழக்கம்தான்.

இனி எண். நாம் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. கிரேக்க எண்களில் மூன்று 'திரியா', ஏழு 'எப்தா', பத்து 'தேக்கா'. சமஸ்கிருதத்துத் திரி, சப்த, தச ஆகியவற்றோடு பிறந்தவை. காண்டனீசில் பத்து 'ஸப்', ஒன்று 'யாட்', பதினொன்று 'ஸப் யாட்'. ஒன்று முதல் பத்து வரை தெரிந்தால் தொண்ணூற்றொன்பது வரை நாமே கட்டிவிடலாம்.

சிக்கல் பத்தாயிரத்தில் தொடங்குகிறது. நாம் ஆயிரத்துக்கு அடுத்து லட்சம் என்று தாவுகிறோம். சீனர் பத்தாயிரத்துக்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், காண்டனீசில் 'மான்'. 'யீ ஸப் மான்' என்றால் இருபது மான், அதாவது 2 லட்சம். ஆயிரம் மான் ஒரு கோடி. மான் கணக்கில் சொன்னதைப் பத்தால் வகுத்தால் லட்சம் வந்துவிடும். வியப்பு என்னவென்றால் பழைய கிரேக்கரும் பத்தாயிரத்துக்கு 'மிரியாஸ்' என்று தனிச் சொல் வைத்திருந்தார்கள். இன்றைய கிரேக்கத்தில் பத்தாயிரத்தைப் 'பத்து ஆயிரம்' என்றே சொல்கிறார்கள். ஆனால் மில்லியனுக்கு அவர்கள் சொல் 'எக்கதொமிரியோ', 'நூறு பத்தாயிரம்'. காண்டனீசில் மில்லியன் 'பாக் மான்'. அதுவும் நூறு பத்தாயிரமே! உறவில்லாத இரு மொழிகள் ஒரே கணக்கைப் போட்டிருக்கின்றன.

இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. 'சாம் பாக் யீ' என்று விலை சொன்னால், முந்நூறு, இரண்டு என்று சேர்த்து நாம் 302 என்று எழுதுவோம். அவர் சொன்னது 320. கடைசியில் வர வேண்டிய 'பத்து' என்ற சொல்லைப் பேச்சில் விழுங்கிவிடுவார்கள். 302 என்றால் நடுவே 'லிங்', அதாவது பூஜ்யம், சேர்த்து 'சாம் பாக் லிங் யீ' என்பார்கள். உருப்படிக்குப் 18 வித்தியாசம். ஆயிரம் உருப்படிக்குப் 18,000. கால்குலேட்டரில் அழுத்திக் காட்டச் சொல்லி வாங்குவதே உத்தமம்.

எடையிலும் எச்சரிக்கை வேண்டும். 'கான்' என்ற நிறை ஹாங்காங் சந்தையில் சுமார் 605 கிராம், 16 'லொங்' கொண்டது. எல்லை தாண்டிக் குவாங்சோவில் அதே கான் 500 கிராம், 10 லொங். பெயர் ஒன்று, சரக்கு நூறு கிராம் குறைவு. கிரேக்கரிடம் 'ஓக்கா' என்று சுமார் 1,280 கிராம் கொண்ட துருக்கியர் காலத்து நிறை இருந்தது. 1959இல் அதை ஒழித்துக் கிலோவுக்கு வந்தார்கள்.

இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். கிரேக்கத்தில் அரிசி 'ரீசி', அரிசியின் என்றால் 'ரிசியு'. நம்மைப் போல் சொல்லின் வால் மாறும். காண்டனீசில் அரிசி எப்போதும் 'மை' தான். ஆனால் எண்ணோடு பொருளைச் சொல்லும்போது இடையே ஓர் அளவுச் சொல் வேண்டும். மீனுக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. ஒரு கட்டுக் கீரை, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று விற்கிற நமக்கு இது புதிதல்ல.

சரக்குப் பெயர்களில் இரண்டு மொழிகளின் குணமும் தெளிவாகத் தெரியும். கிரேக்கர் சரக்கோடு பெயரையும் சேர்த்து வாங்கினார்கள். மிளகுக்கு அவர்கள் சொல் 'பிப்பேரி'. திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற நம் நாட்டுச் சொல்லிலிருந்து போனது. சர்க்கரைக்குச் 'சாக்கரி' என்பதும் இங்கிருந்து போனதே. சீனர் சரக்கை வாங்கிப் பெயரைத் தாமே வைத்தார்கள். மிளகு 'வூ ஜியூ'. தங்கள் நாட்டில் இருந்த காரக் காயின் பெயரோடு 'அந்நிய' என்று சேர்த்தது. தக்காளி 'ஃபான் கே', அந்நியக் கத்தரி. சௌசௌவுக்கு நாம் சீமைக் கத்தரிக்காய் என்று பெயர் வைத்தோமே, அதே புத்தி. தேநீர் ஒன்றில் மட்டும் கடன் எதிர்ப்பக்கம் போயிற்று. கிரேக்கர் சொல்லும் 'சாய்' என்ற சொல், காண்டனீசின் 'சா' வகையைச் சேர்ந்தது. ஆங்கிலேயரின் 'டீ' வேறு வழி. சீனத்தின் ஃபூஜியன் கரையிலிருந்து டச்சுக் கப்பல்களில் போன சொல்.

கடைசியாக மங்கலச் சொல். காண்டனீசில் நாக்குக்கு உரிய பழைய சொல் 'ஸிட்'. நஷ்டம் என்ற சொல்லும் அதே ஒலி. கசாப்புக் கடையில் காலை முதல் நஷ்டம், நஷ்டம் என்று கூவ முடியுமா? அதனால் நாக்குக்கு 'லெய்' என்று பெயரிட்டார்கள். லாபம் என்பதன் ஒலி அது. பஞ்சாங்கத்துக்குத் 'துங் ஷூ' என்று பெயர். 'ஷூ' தோல்வி என்பது போல ஒலிக்கவே, வெற்றி என்னும் 'ஷிங்' சேர்த்துத் 'துங் ஷிங்' ஆக்கினார்கள். கிரேக்கரும் குறைந்தவர்கள் அல்லர். கப்பல்களை விழுங்கும் கருங்கடலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'விருந்தோம்பும் கடல்'. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணிப் போடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இந்த இரு நாட்டுச் சந்தையிலும் அந்நியராக இருக்க மாட்டார்கள்.